நெல்மணிக் கணக்குக்குள் ஒரு 641

வணக்கம் ஐயா,

எட்டாவது படிக்கும் என் மகளுக்குச் சதுரங்கப் பலகைக் கதையைச் சொன்னேன். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் 2, அப்புறம் 4 என்று 64 கட்டமும் நிரப்பினால் மொத்தம் 18446744073709551615. "5-ல முடியுது, அதனால 5-ஆல வகுபடும். வேற என்ன இருக்கு இதுல?" என்று கேட்டாள். பெரிய எண் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வேறு சிறப்பு உண்டா?
க.

அன்புள்ள க.,

உங்கள் மகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள். அந்த 20 இலக்கங்களையும் கூட்டச் சொல்லுங்கள், 87 வரும். ஆகவே இது 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

இந்தத் தொகை, 2-இன் 64-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. அந்த அடுக்கு 4294967296-இன் வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கூட்டலும் கழித்தலுமாகப் பிரிக்கும் பள்ளிச் சூத்திரம் போதும்: 4294967297 × 4294967295. பின்னதை அதே கத்தியால் மறுபடி வெட்டினால் 65537 × 65535. அப்புறம் 65535 = 257 × 255, 255 = 17 × 15, 15 = 5 × 3. ஆக மொத்தம் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற ஆறு எண்களின் பெருக்கம்.

ஒரு எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்தும் அப்படித்தான். ஆறாவது 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். ஃபெர்மா சறுக்கிய அதே எண் நம் நெல் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம்.

இதைச் சரிபார்க்க நீள்வகுத்தல்கூட வேண்டாம். 641-ஆல் வகுக்கும்போது 640 என்பது −1 மாதிரி நடந்துகொள்ளும். 640 என்பது 5 × 128, அதாவது 5-ஐ 2-இன் 7-ஆம் அடுக்கால் பெருக்கியது. நான்கு முறை பெருக்குங்கள்: 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. ஆனால் 625 என்பது 641-க்கு 16 குறைவு, எனவே அது −16 மாதிரி. 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு. 28-உடன் 4 சேர்ந்தால் 32. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கு −1 ஆகிவிடுகிறது. அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. காகிதத்தில் நான்கு வரி. மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

6700417-உம் பகா எண்தான். எனவே மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அதனால் இந்த எண்ணுக்குச் சரியாக 128 வகுஎண்கள்.

இன்னொன்று. முதல் 32 கட்டங்களில், பாதிப் பலகையில், உள்ள நெல் 4294967295. அந்த முதல் ஐந்து பகா எண்களின் பெருக்கம் அது. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று 1796-இல் கௌஸ் கண்டார். அவருக்கு அப்போது 18 வயது. அப்படி வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். மகள் முதலில் ஐங்கோணத்தை வரைந்து பார்க்கட்டும்.