எல் நினோ வருடம்: மானாவாரி நெல்லைப் பிந்தி விதைக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் குச்சவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி வயல் செய்கிறேன். இந்த முறை எல் நினோ, மழை பொய்க்கும் என்கிறார்கள். மழை நன்றாகப் பிடித்த பிறகு, நவம்பர் நடுவில், மூன்றரை மாத நெல் விதைக்கலாமா? வறட்சி தாங்க டொனிக் அடிக்கச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். என்ன செய்வது ஐயா?

பதில்: தம்பி, பிந்த வேண்டாம். எல் நினோ என்றால், அதாவது பசுபிக் சமுத்திரம் வழக்கத்தை விடச் சூடானால், நமக்கு உடனே வறட்சி என்பது பிழை. அந்த வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் மழை கூடும். ஜனவரி பிறந்த பிறகுதான் குறையும். மேற்கு இந்து சமுத்திரம் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்திருந்தால் முன்மழை இன்னும் பலக்கும், 2019 அப்படி. 2016இல் இது தலைகீழாக இருந்தது. எல் நினோ முடிந்திருந்தும் 2016/17 காலபோகம், அதாவது மாரிகால வேளாண்மை, காய்ந்தது. ஆகவே பசுபிக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மழை எப்போது நிற்கும் என்பதை. நெல் பூப்பது அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்னால். நவம்பர் 15இல் விதைத்த மூன்றரை மாத நெல் ஜனவரி கடைசியில் பூக்கும். அப்போது மண் வெடித்தால் கதிர் முழுக்க மணியில்லாத சப்பிதான். ஒக்டோபர் நடுவில் பிஜி 300 போன்ற மூன்று மாத நெல்லைப் புழுதியில் விதையுங்கள். டிசம்பர் நடுவில் பூத்துவிடும். கடும் மழையில் பூ கொஞ்சம் கெடலாம், ஆனாலும் தண்ணீரில்லாமல் போவதை விட அது மேல். தவிர்க்க முடியாமல் பிந்தினால் இரண்டரை மாத பிஜி 250.

இனி வரம்பு. மானாவாரிக்காரருக்குக் குளம் அதுதான். ஒரு அடி உயரம் வேண்டும். அரை அடி வரம்பு டிசம்பர் மழையை அப்படியே கடலுக்கு அனுப்பிவிடும். மழை விட்ட மறுநாள் காலையில் வரம்பின் வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். கசியும் இடத்தில் நண்டுப் பொந்து இருக்கும். மேல்வாயில் மட்டும் மண் அள்ளிப் போட்டால் அடுத்த மழையிலேயே திறந்துகொள்ளும். பொந்தின் அடிவரை வெட்டி, களிமண்ணைப் பிசைந்து மிதித்து அடையுங்கள். கதிர் தண்டுக்குள் உருண்டு வரும் குடலைப் பருவம் தொடங்கியதும் வடிகால் வாயை உயர்த்தி மூன்று நான்கு அங்குலம் தேக்குங்கள். கனமழை அறிவித்திருக்கும் நாளில் யூரியா வீசாதீர்கள், கரைந்து ஓடிவிடும்.

டொனிக்கை வாங்கவே வேண்டாம். வேரடியில் ஈரம் இல்லாத பயிருக்கு இலையில் எதை அடித்தாலும் கதிர் நிரம்பாது. விவசாயியின் பயத்தை விற்கிற வியாபாரம் அது. அந்தக் காசுக்கு வரம்பு கட்ட ஆள் பிடியுங்கள், செப்டம்பரிலேயே.