மேடைக்கு வெளியே ஃபிளமெங்கோ: கேள்வி பதில்

நடனம் பயிலும் ஒருவர்: ஃபிளமெங்கோ என்பது ஆடல்தானே?

பதில்: தென் ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் உருவான இக்கலையில் ஆடல் ஒரு பகுதி மட்டுமே, பாட்டுதான் அதன் உயிர். கொல்லர் பட்டறையோடு தொடர்புபடுத்தப்படும் 'மார்ட்டினேத்தே' என்ற பாடல் வகை கிதார் இல்லாமலேயே பாடப்படுகிறது.

ஸ்பெயின் சென்று வந்தவர்: சுற்றுலாப் பயணிகளுக்கான நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். வீடுகளிலும் இப்படித்தான் ஆடுவார்களா?

பதில்: வீட்டில் அதன் முகமே வேறு. ஆண்டலூசியாவின் ஹெரெஸ் நகரில், சந்தியாகோ, சான் மிகேல் ஆகிய பழைய குடியிருப்புகளின் குடும்பங்கள் திருமணத்துக்கோ ஞானஸ்நானத்துக்கோ கூடும்போது, ஒருவர் பாட, மற்றவர்கள் வட்டமாக நின்று கைதட்ட, ஒரு பாட்டியோ சிறுவனோ நடுவே வந்து 'புலேரியா' தாளத்துக்குச் சில அடிகள் ஆடிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். டிசம்பர் மாதத்தில் முற்றங்களில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடும் 'சம்போம்பா' கூடுகைகளில் பாடுபவர், கேட்பவர் என்ற பிரிவே மங்கிவிடுகிறது. எனக்கு மேடையைவிட இந்த முற்றமே பெரிது. குழந்தைகள் தாளத்தைப் பாடமாகப் படிக்காமல் காதுவழியே வாங்கிக்கொள்வது இங்கேதான்.

மிருதங்கம் கற்பவர்: கைதட்டலுக்கு இலக்கணம் உண்டா?

பதில்: உண்டு. 'சோலேயா' என்ற பாடல் வகையில் 12 எண்ணிக்கை கொண்ட சுற்றில் 3, 6, 8, 10, 12 ஆகியவற்றில் அழுத்தம் விழும். குரல் தணிந்து ஒலிக்கும்போது உள்ளங்கைகளைக் குவித்து மந்தமாகத் தட்டுவார்கள். வேகம் கூடும்போது விரல்களால் மறு உள்ளங்கையில் அடித்துக் கூரிய ஒலி எழுப்புவார்கள். 'ஓலே' என்ற பாராட்டும் தாளத்தோடு ஒட்டியே விழ வேண்டும்.

வரலாற்று ஆர்வலர்: இது இந்தியாவிலிருந்து சென்ற கலையா?

பதில்: இல்லை. இதை வளர்த்தவர்களில் முதன்மையான ஹிதானோ மக்களின் (ஸ்பெயினின் ரோமா இனத்தவர்) முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்தவர்கள் என்பது உண்மையே. ஆனால் ஃபிளமெங்கோ, அவர்களும் பிற ஆண்டலூசிய மக்களும் அருகருகே வாழ்ந்த தெருக்களில் உருவானது. வறுமையையும் ஒடுக்குமுறையையும் தாங்கி அதைக் காத்தவர்களின் உழைப்பை வேறொரு நாட்டின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

மீண்டும் செல்லவிருப்பவர்: வெளியார் எங்கே கேட்கலாம்?

பதில்: 'பேன்யா' எனப்படும் ரசிகர் மன்றங்களில் கேட்கலாம். கிரனாடா நகரில் 1949இல் தொடங்கிய 'லா பிளாத்தெரியா' அவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. யுனெஸ்கோ 2010இல் ஃபிளமெங்கோவை மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது, இத்தகைய மன்றங்களும் குடும்பங்களுமே அதைக் கைமாற்றித் தருகின்றன என்பதையும் குறிப்பிட்டது. அங்கே பாட்டின்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். தாளம் பிடிபடும்வரை கைதட்டவும் வேண்டாம்.