தெரியாத பாதையில் தனியாகச் சைக்கிள் ஓட்டும்போது வழி தவறாமல் போவது எப்படி? மேப் மட்டும் போதுமா?

போதாது.

நீங்கள் கோயமுத்தூர்ப் பக்கம், சமீபத்தில் கியர் சைக்கிள் வாங்கியவர், கூடவே ஹேண்டில்பாரில் போன் மாட்டும் பிடியும் வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பார்டர் தாண்டி கேரளாவுக்குள் ஒரு நாள் போய்விட்டு வரலாம் என்று ஆசை. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி ஆரம்பித்த ஆள்தான்.

எனக்குப் பொள்ளாச்சி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 49. பெரிய சைக்கிள் வீரன் எல்லாம் இல்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டே, பிரெவே என்பார்கள், அதை ஒரே ஒரு தடவை, ஏழு நிமிடம் மீதி இருக்கும்போது முடித்தவன். அதனால் "இவன் யாரு நமக்குச் சொல்ல" என்று நினைப்பவர்கள் இப்போதே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

வழி தவறுவதில் எனக்கு அனுபவம் அதிகம். அதைச் சொல்கிறேன்.

ஐந்தாறு வருடம் முன்பு, ஒரு ஆடிப் பதினெட்டு. என் அக்காவைக் கொடுத்தது கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில். அந்தப் பக்கம் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான், அதனால் அது எங்களுக்கு வெளியூராகவே பட்டதில்லை. ஆனால் அந்த வருடம்தான் மாமா முதலமடைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் குடிமாறியிருந்தார். நான் ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போயிருந்தேன், அதுவும் ராத்திரியில். நோம்பிக்குக் கூப்பிட்டபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சைக்கிள்லயே வந்தர்றனுங் மாமா. எட்டு மணிக்குச் சந்தகை புழியறப்ப வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, அம்பராம்பாளையம் தாண்டி கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அங்கிருந்து கொல்லங்கோட்டுக்கு நேர் ரோடு, மேற்கே. குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நான் என்ன செய்தேன்? போன் "இடப்பக்கம் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் மிச்சம்" என்று காட்டியது. திரும்பிவிட்டேன்.

இந்த கூகுள் மேப்பில் டூ வீலர் வழி என்று ஒன்று இருக்கிறதல்லவா, இந்தியாவுக்கென்று 2017 டிசம்பரில் வந்தது. காருக்கு ஆகாத குறுக்கு வழிகளையும் காட்டுவதுதான் அதன் வேலையே. வாய்க்கால் மேடு அதற்கு ஒரு ரோடு. மேலே இருந்து பார்த்தால் ரோடு மாதிரிதான் இருக்கும், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கால் ஒரே மட்டத்தில் ஓடியாக வேண்டும். அதனால் மேடு வந்தால் சுற்றும், பள்ளம் வந்தால் வளையும். கூடவே போகிற நாமும் சுற்ற வேண்டியதுதான். ஏற்றமே இல்லாமல் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தில் திசை மறந்துவிடும். முக்கால் மணி நேரம் அப்படிப் போனேன். கடைசியில் ஒரு மதகு, அதன் மேல் ஆள் உயரத்துக்கு இரும்புக் கதவு, கதவில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. பூட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க யாரோ சைக்கிள் டியூபை வெட்டி மூடி போட்டிருந்தார்கள். என்னைக் கேலி பண்ணவே வைத்தது போல இருந்தது.

அதற்குள் சாரல். நனைந்த போனைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாம் தொட்டால் கேட்காது, மழைத் துளி தொட்டால் கேட்கும். மேப் தானாகப் பெரிதாகி, தானாகச் சுருங்கி, ஒரு கட்டத்தில் எனக்குக் குஜராத்தைக் காட்டியது.

வாய்க்காலை விட்டு இறங்கி மாந்தோப்புக்குள் புகுந்தேன். முதலமடை மாங்காய் நாட்டிலேயே முன்னதாகச் சந்தைக்கு வருவது. தை மாசியிலேயே லாரி ஏறிவிடும். ஆகையால் ஆடியில் தோப்பில் ஒரு ஈ காக்கா இல்லை, காவல் குடிசைகள்கூடக் காலி. செம்மண் தடம், இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மாமரம், நூறடிக்கு ஒரு பிரிவு. எங்கே பார்த்தாலும் ஏற்கனவே பார்த்த இடம் போலவே இருந்தது.

அரை மணி கழித்து, டி.வி.எஸ். மொபெட்டில் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு சேட்டன் வந்தார். கோட்டயம் பக்கமிருந்து வந்து குடியேறியவர் என்று பிறகு தெரிந்தது. கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "நேரே போயிக்கோ. ரெண்டாமத்தெ கவல. வலத்தோட்டு. பின்னெ படிஞ்ஞாறோட்டு நேரே."

எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவன் நான். 'நேரே' புரிந்தது. 'கவல' என்றதும், மனுஷன் நம்மைக் கவலைப்பட வேண்டாம் என்று தேற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் முகமும் அப்படித்தான் கனிவாக இருந்தது. "ஒரு கவலையும் இல்லைங்க" என்று சிரித்துவிட்டு நேரே மிதித்தேன். நேரே என்றால் நேரே. இரண்டு பிரிவு வந்தது, தாண்டினேன். மூன்றாவது வந்தது, அதையும் தாண்டினேன்.

கவல என்றால் அங்கே முச்சந்தி, ரோடு பிரியும் இடம். எங்கள் எல்லைப் பக்கத்துக்காரர்கள் ஜங்ஷன் என்று சொல்லிவிடுவதால் என் காதில் அந்தச் சொல் விழுந்ததே இல்லை. பிற்பாடு கடைக்குத் தமிழாசிரியர் ஒருவர் நோட்ஸ் நகல் எடுக்க வந்தபோது இதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! சங்கப் பாட்டில் கவலை என்றால் பிரியும் வழி என்றும் பொருளாம். நம் சொல்தான், நாம் தொலைத்துவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள். படிஞ்ஞாறும் அப்படித்தான்: ஞாயிறு படிகிற திசை, மேற்கு. இந்த இரண்டு சொல் தெரிந்திருந்தால் எனக்கு அன்று ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

தோப்பு முடிந்து எதிரே ஒரு பெரிய மண்கரை தெரிந்தது. சுள்ளியாறு அணை. அதாவது மலையடிவாரம். மேகம் மலையை மூடியிருந்ததால் மலையை நோக்கிப் போகிறோம் என்றே தெரியாமல் மலையிடமே போய்விட்டேன்.

அங்கே இறங்கி நின்று, சைக்கிளை ஒரு கல்லில் சாய்த்துவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் காற்று என் வலது கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்கு மலைத்தொடர் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு விட்டுப் போயிருக்கிறது. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை மேல் பாயும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்று சொன்னவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அந்த மாசங்களில் இங்கே காற்று மேற்கிலிருந்து, அவ்வளவுதான், சந்தேகமே வேண்டாம். மூக்கில் அடித்தால் மேற்கே போகிறோம், முதுகில் தள்ளினால் கிழக்கே. வலது கன்னத்தில் அடித்தால் தெற்கே. காலையிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர் காற்று என்னிடம் "தெக்கால போறே, தெக்கால போறே" என்று கத்தியிருக்கிறது. நான் குஜராத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பினேன். காற்று இடது கன்னத்தில் படும்படி ஓட்டினால் வடக்கே. வடக்கே போனால் பொள்ளாச்சி–கொல்லங்கோடு ரோட்டில் முட்டியே ஆக வேண்டும். அது கிழக்கு மேற்காக நீளக் கிடக்கும் ரோடு, தப்பவே முடியாது. அரை மணியில் தார் ரோடு. பஸ் ஒன்று எதிரே வந்தது. அந்தப் பஸ் போர்டைப் பார்த்த மாதிரி சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை (வீட்டில் இதைப் படிக்க மாட்டார்கள்).

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. சந்தகை ஆறி, தேங்காய்ப் பால் ஆடை கட்டி, அக்கா முகம் அதைவிட ஆறிப்போய். மாமா திண்ணையில் உட்கார்ந்தபடி, "வாங்க மாப்ளே. எட்டு மணின்னு சொன்னது ராத்திரியோன்னு நெனச்சேன்" என்றார். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, உங்களுக்கு உபயோகமாக.

கிளம்புவதற்கு முதல் நாள் மேப்பைப் பாருங்கள். வழியைப் பார்க்க வேண்டாம், நீளமான கோடுகளைப் பாருங்கள். பெரிய ரோடு எங்கே, ரயில் பாதை எங்கே, ஆறு எங்கே, மலை எந்தப் பக்கம். எங்கள் பக்கம் பார்டரைத் தாண்டும் வழிகள் வடக்கிலிருந்து தெற்காக வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். மேற்கே போகும்போது ஆனைமலையும் நெல்லியாம்பதியும் உங்கள் இடது கையில். இந்த இரண்டு வரி மனதில் இருந்தால் எவ்வளவு தொலைந்தாலும் எந்தப் பக்கம் போனால் எதில் முட்டுவோம் என்று தெரியும். அந்தப் பகுதி மேப்பை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்கிற புள்ளியை ஜி.பி.எஸ். காட்டுவதற்கு சிக்னல் தேவையில்லை, படம் வருவதற்குத்தான் தேவை. நான் இப்போது ஏ4 தாளில் பிரிவுகளைப் பெரிய எழுத்தில் அடித்து, லேமினேட் போட்டு ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரன் வேறென்ன சொல்வான் என்று கேட்பீர்கள். கேளுங்கள். மழையில் அது குஜராத்தைக் காட்டாது.

ரோட்டோர கிலோமீட்டர் கல்லின் தலை நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. ஊர்ப் பெயர் மலையாளத்தில் இருந்தாலும் நிறத்தையும் எண்ணையும் படிக்கலாம். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் கல்லும் இல்லை, பஸ் ஸ்டாப்பும் இல்லை என்றால் நின்று யோசியுங்கள்.

ஆளைக் கேட்கும்போது "இது கொல்லங்கோடு போகுமா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். "கொல்லங்கோட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் கையாவது ஒரு பக்கம் நீளும். தூரம் கேட்காதீர்கள், எல்லாருக்கும் எல்லாமே பக்கம்தான்.

காற்றை எல்லா மாசமும் நம்ப வேண்டாம். கார்த்திகை மார்கழியில் அதே கணவாயில் காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து அடிக்கும். பாலக்காட்டுக்காரர்கள் விருச்சிகக் காற்று என்பார்கள். நான் சொன்னதை வைத்து டிசம்பரில் கிளம்பி எங்கேயோ போய்விட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது.

அடையாளத்துக்கு மரத்தை நம்புவதையும் விட்டுவிட்டேன். என் பழைய தாள்களில் "புளியமரம் – வலது" என்று ஏழெட்டு இடம் இருக்கும். ரோடு அகலமானபோது எல்லாம் போயிற்று. "மூன்று தென்னை – இடது" என்றிருந்த தோப்பு வாடல் நோய் வந்து மொத்தமாக வெட்டப்பட்டுவிட்டது.

சைக்கிள் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கோவையில் ஒரு பெரிய துணிக்கடைக்கு மகளுக்குப் பாவாடை எடுக்கப் போனேன். நாலு மாடிக் கட்டடம், அடியில் நூறு பைக் நிற்கும் இடம். காவலாளி சைக்கிளை உள்ளே விட மாட்டேன் என்றுவிட்டார். டோக்கன் போட நம்பர் பிளேட் இல்லையாம். வெளியே நிறுத்தினால் இன்னொருவர் வந்து அங்கேயும் கூடாது என்றார். கையில் ஐயாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கெஞ்சினேன். என் சைக்கிளின் விலை அங்கே நின்ற பாதி பைக்குகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கவும் மாட்டார். பாவாடையைப் பொள்ளாச்சியிலேயே எடுத்தேன்.

"இதெல்லாம் எதற்கு, நல்ல சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கினால் போதாதா?" என்று ஒருவர் வருவார், தெரியும். எங்கள் ஊர்க் குழுவிலும் இருக்கிறார். வாங்குங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரும் அந்த மதகுக் கதவு வரை போய் வந்தவர்தான், என்னைவிட வேகமாக.

கடைசியாக, வெயிலும் காற்றும் இல்லாத நாளுக்கு ஒரு சின்ன விஷயம். வீடுகளின் மேல் இருக்கும் டி.டி.எச். கிண்ணத்தைப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வரும் சேனல்களின் செயற்கைக்கோள்கள் பூமத்தியரேகைக்கு மேலே, நமக்குக் கிழக்கே தள்ளி நிற்கின்றன. அதனால் எங்கள் பக்கத்துக் கிண்ணங்கள் எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். உங்கள் தெருவிலேயே சோதித்துவிட்டு வந்து பின்னூட்டத்தில் சண்டை போடுங்கள். ஆனால் கேபிள்காரர் மொட்டைமாடியில் வைத்திருக்கும் பெரிய கிண்ணங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை மேற்கேயும் பார்க்கும்.