டாக்டர் பதில்கள்: லண்டனில் தடை என்றால் என் பிள்ளை சொல்வது பொய்யா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஓராண்டாகத் தன்னை ஆண் என்கிறாள். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கே போவதில்லை. ஊசி போட்டு நிறுத்தச் சொல்லி அழுகிறாள். லண்டனில் இருக்கும் என் தம்பியோ, "இங்கே அந்த ஊசியையே தடை செய்துவிட்டார்கள், எல்லாம் இணையம் பார்த்து வந்த மோகம்" என்கிறான். இதைக் 'குணமாக்கும்' மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்கிறார் மாமியார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, தம்பி சொன்னதில் பாதி உண்மை. அது பருவ மாற்றங்களை நிறுத்திவைக்கும் ஊசி. மிகச் சிறு வயதிலேயே பருவமடையும் குழந்தைகளுக்கு அங்கேயும் இன்றும் தருகிறார்கள். பாலின அடையாளத்துக்காகத் தரும்போது கிடைக்கும் பலனுக்குச் சான்றுகள் வலுவாக இல்லை என்று குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் அறிக்கை தந்தார். அந்த டிசம்பரில், 18 வயதுக்குட்பட்டோருக்கு அந்தக் காரணத்துக்காகத் தர பிரிட்டன் அரசு காலவரையற்ற தடை விதித்தது.

ஆனால் பிள்ளைகளின் வேதனை பொய் என்று அந்த அறிக்கை சொல்லவே இல்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடப்பதையும், கூடவே இருக்கும் மனச்சோர்வும் ஆட்டிசமும் கவனிக்கப்படாமல் போவதையும் அது குறையாகச் சொன்னது. மருந்தின் மீதுள்ள சந்தேகத்தைப் பிள்ளையின் மீது திருப்பினால் எனக்குக் கோபம் வருகிறது.

மாமியார் சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். அப்படிக் 'குணமாக்கும்' முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தடை விதித்தார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது.

இப்போதைய அவசரம் மாதவிடாய்தான். அதை நிறுத்தவோ குறைக்கவோ மகளிர் நோய் மருத்துவரிடம் மாத்திரைகள் உண்டு. அதிக உதிரப்போக்குக்குக் காலங்காலமாகத் தருபவைதான். அதனால் உடல் ஆணாக மாறிவிடாது, பயப்படாதீர்கள். பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்கித் தராதீர்கள். பள்ளியில் எந்தக் கழிப்பறைக்குப் போவது, விளையாட்டு வகுப்பில் எதை உடுத்துவது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பள்ளியை வெறுக்கக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முடியை வெட்டிக்கொள்ளவும் விரும்பிய பெயரில் அழைக்கப்படவும் ஆசைப்பட்டால் விடுங்கள். அதில் மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. ஹார்மோன், அறுவை சிகிச்சை பற்றிய பேச்சை 18 வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அந்தக் காத்திருப்பில் மனநல மருத்துவர் ஒருவர் தொடர்ந்து துணை இருக்க வேண்டும்.

சாவைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் உடனே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.