240,000 கிலோமீற்றர் ஓடிய கொரோலா: முற்றத்தில் வைத்து எதைப் பார்க்கலாம்?

கேள்வி: அண்ணா, நான் முள்ளியவளையில் இருக்கிறேன். போன வருடம் 2003ஆம் ஆண்டுக் கொரோலா 121 ஒன்று வாங்கினேன். ஒட்டோ கியர், மீற்றர் 240,000 காட்டுகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எஞ்சின் ஒயில் குறைகிறது. கராஜில் ஒருவர் எஞ்சினைக் கழற்றிச் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் ஏதோ மருந்து ஊற்றி உள்ளே கழுவச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அலைய முடியவில்லை. வீட்டில் வைத்து நானே எவ்வளவு பார்க்கலாம்?

பதில்: தம்பி, எஞ்சினைக் கழற்ற விடாதீர்கள். மீற்றர் இலக்கத்தைப் பார்த்து எஞ்சின் கழற்றுவதில்லை, அந்த இலக்கமே உண்மையானதா என்பது விற்றவருக்குத்தான் வெளிச்சம். கழற்ற வேண்டுமென்றால் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறைந்திருக்க வேண்டும், அல்லது நீலப் புகை தள்ள வேண்டும், அல்லது ஒயிலும் தண்ணீரும் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வர வேண்டும். இதில் எதையும் நீங்கள் சொல்லவில்லையே.

ஒயில் குறைகிறது என்றால் எவ்வளவு என்று அளந்தீர்களா? சமமான நிலத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை நிரப்பிவிட்டு மீற்றரைக் கொப்பியில் எழுதுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் திரும்பப் பாருங்கள். கால் லீற்றர், அரை லீற்றர் என்றால் ஊற்றி ஊற்றி ஓடுங்கள், அதுதான் மலிவு. ஒரு லீற்றரைத் தாண்டினால் அப்புறம் கதைப்போம். அதற்குமுன் பி.சி.வி. வால்வை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் சின்ன வால்வைக் கழற்றிக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். கிலுகிலு என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் அடைத்திருக்கிறது. சின்னச் சாமான்தான், ஆனால் அது அடைத்தாலே எஞ்சின் ஒயில் குடிக்கும்.

கழுவுகிற மருந்து வேண்டாம். வருடக்கணக்காகப் படிந்த கசடு ஒரே நாளில் கழன்று ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால், நன்றாக ஓடிய எஞ்சினை நீங்களே கெடுத்ததாகிவிடும். அதைவிட 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். உங்கள் எஞ்சின் ஃபில்டரோடு 3.7 லீற்றர்தான் எடுக்கும், நாலு லீற்றர் கான் வாங்கினால் மிச்சம் இடையில் ஊற்ற உதவும். இன்னொன்று, யாராவது எஞ்சின் வால்வுகளை இயக்கும் ரைமிங் பெல்ட் மாற்றியதாக பில் நீட்டினால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள். பழைய கொரோலா 110இல்தான் பெல்ட், 121 பெற்றோல் எஞ்சினில் இருப்பது செயின். காலையில் ஸ்ராட் பண்ணும்போது சில வினாடி கடகடவென்றால் மட்டும் அதைக் காட்டுங்கள்.

றேடியேற்றர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கூலன்ற் வாங்கச் சோம்பலில் இரண்டு வருடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம், ஆனாலும் றேடியேற்றருக்குள்ளும் அதுதான் நடக்கும் என்று மூளையில் ஏறவில்லை. ஒரு பங்குனி மத்தியானம் முறிகண்டியில் கச்சான் கடைகளுக்கு முன்னால் கார் கொதித்து நின்றது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தும் அது அசையவில்லை! எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கஸ்கற் போய், மிச்சம் பிடித்த கூலன்றுக் காசைப்போலப் பல மடங்கு கொடுத்தேன். கூலன்றோடு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

கிரவல் ரோட்டில் ஓடுகிறவர் என்றால் எயார் ஃபில்டரை மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டுங்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு நம் புழுதிக்குச் சரிவராது. வயல் அறுவடை முடிந்ததும் எலி பொனற்றுக்குள் குடியேறி வயர் கடிக்கும், அதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ரயரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பாவித்த ரயர் வாங்கும்போது பூவை (மேல் வெட்டை) பார்க்குமுன் அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

தொடக்கூடாதது பிரேக். பிரேக் ஒயிலின் மட்டத்தைப் பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கியர் ஒயிலும் அப்படித்தான், ரி-4 வகை ஒயிலாக வடித்து ஊற்றினால் போதும், மெஷினில் அழுத்திக் கழுவ விடாதீர்கள். காருக்குக் கீழே போவதென்றால் ஜக்கை நம்பிப் போகாதீர்கள். நம் மணலில், அதுவும் மாரியில், ஜக் தானாக இறங்கும். அடியில் தடித்த பலகை, பக்கத்தில் ஸ்ராண்ட், கழற்றிய சில்லையும் உள்ளே தள்ளிவிடுங்கள்.

கழிவு ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாமல் கானில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்ட பாட்டைப் பார்த்தோம்.

சாமான் வாங்கும்போது பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம். ஃபில்டரில் போலி நிறைய வருகிறது, துண்டு இல்லாமல் திருப்பிக் கொடுக்கப் போனால் "எங்கட கடைச் சாமான் இல்லை" என்றுவிடுவார்கள்.