மதியமே "டின்னர் ஆச்சு" என்கிறாரா பாட்டி?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில், முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பாட்டி மதியம் 2 மணிக்கே "டின்னர் சாப்பிட்டாச்சு" என்கிறார். குழப்பத்தில் இருக்கிறார் என்று பதிவேட்டில் எழுதலாமா? உடன் வேலை பார்க்கும் பெண் என்னை "டீ"க்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுப் போவதா?

பதில்: எழுதிவிடாதீர்கள் அம்மா, பாட்டி தெளிவாகத்தான் இருக்கிறார். லீட்ஸ் இருக்கும் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம், அதிலும் வயதானவர்கள் பேச்சில், டின்னர் என்றால் மதியச் சாப்பாடு. மாலை 5, 6 மணிக்குச் சாப்பிடுவது டீ. படுக்கப் போகுமுன் கொறிக்கும் டோஸ்ட், பிஸ்கட்தான் சப்பர். உண்மையில் பாட்டியுடையதுதான் பழைய வழக்கு. டின்னர் என்பது அன்றைய பெரிய சாப்பாடு. ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க அதைப் பகலில்தான் சாப்பிட்டார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வசதியானவர்கள் தள்ளித் தள்ளி இரவுக்குக் கொண்டுபோனார்கள்.

தோழி வீட்டுக்குப் பசியோடு போங்கள். மாலை நேரம் சொல்லியிருந்தால், தட்டில் மீனும் சிப்ஸும் வரும். வெறும் தேநீர் என்று நினைத்து வயிறு நிறையப் போனால் சங்கடம் உங்களுக்குத்தான்.

இதையெல்லாம் இங்கே யார் சொல்லித்தருகிறார்கள்? பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் என்று மூன்றாம் வகுப்பில் ஒப்பித்ததோடு நம் பாடத்திட்டம் கைகழுவிவிடுகிறது. அப்புறம் "30 நாளில் சரளம்" என்று போர்டு மாட்டியவர்கள் பணத்தைக் கறந்துகொண்டு அதே மூன்றையே திருப்பிச் சொல்கிறார்கள். விசா ஏஜென்ட் கூடுதலாகக் காசு வாங்கிக்கொண்டு நீட்டும் "பிரிட்டிஷ் வாக்கியங்கள்" பிடிஎஃப் அதைவிட மோசம். பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சிகள் வேலை தேடுபவரிடம் காசு கேட்பதையே 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி லண்டன்காரர்கள். அவர்களுக்கு மதியம் லஞ்ச், இரவு டின்னர். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. வருடம் முழுக்க லஞ்ச் என்பவரும் அன்று மதியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் டின்னர் என்றுதான் சொல்வார். வான்கோழி, வறுத்த உருளைக்கிழங்கு, யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத களைக்கோசு (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் எனும் குட்டிக் கோசு) என எல்லாம் பகலிலேயே மேசைக்கு வந்துவிடும். பல வீடுகளில் பிற்பகல் 3 மணிக்கு மன்னரின் உரை ஒளிபரப்பாவதற்குள் சாப்பாடே முடிந்திருக்கும். டின்னர்தானே என்று இரவு 8 மணிக்குப் போய் நின்றால் மிச்சம் மீதிதான். ஆகவே அந்த அழைப்பு வந்தால், வடக்கோ தெற்கோ, மணியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் "டின்னருக்கு அப்புறம் மாத்திரை" என்று யாராவது வாயால் சொன்னால் நீங்களாக முடிவுகட்டாதீர்கள். மருந்து அட்டவணையைப் பாருங்கள், பொறுப்பு நர்ஸிடம் கேளுங்கள். பதிவேட்டில் "டின்னர்" என்று மட்டும் எழுதாமல் "12.30, சாப்பிட்டார்" என்று நேரத்தைப் போடுங்கள்.