பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை: புளூடூத் ஹெட்போன் கேள்வி – பதில்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் அருமையாக இருக்கிறது. ஆன்லைன் வகுப்புக்காக ஜூமைத் திறந்த உடனே சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. வகுப்பு முடிந்ததும் தானாகவே சரியாகிறது. ஹெட்போன் பழுதா? கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: பழுது இல்லை. மாற்றி வாங்கினாலும் புதியதும் இதையேதான் செய்யும்.

உங்கள் ஹெட்போன் கம்ப்யூட்டரோடு இரண்டு பாதைகளில் பேசுகிறது. ஒன்று ஏ2டிபி என்ற பாதை. பாட்டுக்கானது, ஸ்டீரியோ, கம்ப்யூட்டரிலிருந்து காதுக்கு மட்டும் போகும், திரும்பி வராது. இன்னொன்று எச்எஃப்பி. போன் பேசுவதற்காக உருவானது. இரு பக்கமும் போகும், ஆனால் மோனோ. பழைய முறையில் ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து மாதிரி எடுக்கும் என்பதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் அதில் வராது. புதிய கருவிகளில் 16,000 மாதிரிகள். சிடி தரம் 44,100 என்று வைத்துப் பார்த்தால் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பது புரியும்.

ஏதாவது ஒரு செயலி ஹெட்போனின் மைக்கைத் திறந்தால் போதும், விண்டோஸ் முதல் பாதையை மூடிவிட்டு இரண்டாவதற்கு மாறிவிடும். நீங்கள் மியூட்டில் இருந்தாலும் ஜூம் மைக்கைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் வகுப்பு முடியும்வரை தகர டப்பா.

இதற்குத் தீர்வு: காதுக்கு ஹெட்போன், வாய்க்கு லேப்டாப் மைக். ஜூமில் மைக் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள். மைக்ரோபோன் என்ற இடத்தில் ஹெட்போன் பெயரை விட்டுவிட்டு லேப்டாப்பின் மைக்ரோபோன் அரேயைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனே இருக்கட்டும். கூகுள் மீட், டீம்ஸ் இரண்டிலும் ஆடியோ செட்டிங்ஸில் இதே தேர்வு உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், இன்புட் என்று போய் அங்கேயும் லேப்டாப் மைக்கையே வைத்துவிடுங்கள். புதிதாகப் போடும் செயலியும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் குரல் உங்கள் காதுக்குள்ளேயே இருப்பதால் எதிரொலி கிளம்பாது. லேப்டாப் மைக் ஃபேன் இரைச்சலையும் விசைப்பலகைத் தட்டலையும் சேர்த்துப் பிடிக்கும் என்பது மட்டும் ஒரு குறை. அது தொல்லையாக இருந்தால் சட்டைக் காலரில் மாட்டும் ஒயர் மைக் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஹெட்போனின் சிறிய மைக்கைவிட உங்கள் குரலும் அதில் தெளிவாகப் போகும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஹெட்போன் பட்டியலில் இரண்டு பெயரில் தெரியும்: 'ஸ்டீரியோ' என்று ஒன்று, 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்று ஒன்று. பாட்டுக்கு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டதால் மாற்றம் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. குழப்பம் அதிகமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியும் ஏதோ ஒரு செயலி அடிக்கடி மைக்கைப் பிடிக்கிறது என்றால் இரண்டாவது பாதையையே அடைத்துவிடலாம். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், டிவைசஸ், கீழே 'மோர் டிவைசஸ் அண்ட் பிரிண்டர் செட்டிங்ஸ்'. அங்கே ஹெட்போன் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், சர்வீசஸ். 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிபோனி' என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு ஹெட்போன் மைக் இல்லாததுபோலவே ஆகிவிடும். போனில் வழக்கம்போல் வேலை செய்யும். மேக் கம்ப்யூட்டராக இருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், இன்புட்டில் மேக்கின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

மைக்கும் நல்ல ஒலியும் சேர்ந்து வரும் புதிய வழியும் வந்திருக்கிறது: எல்இ ஆடியோ. ஆனால் ஹெட்போன், லேப்டாப்பின் புளூடூத் சிப், அதன் டிரைவர், விண்டோஸ் 11 நான்கும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பெட்டியில் 'புளூடூத் 5.3' என்று போட்டிருப்பதால் மட்டும் எல்இ ஆடியோ இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள். 'எல்இ ஆடியோ' என்ற பெயரே தனியாக அச்சாகியிருக்க வேண்டும்.

கேள்வி: மேசைக் கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் வாங்கிப் பின்பக்கம் செருகியிருக்கிறேன். நாற்காலியில் இருக்கும்போதே பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் காப்பி போட்டால் மோசமாகிறது. இதே ஹெட்போன் செல்போனில் மாடி வரைக்கும் எடுக்கிறது.
– அச்சகத் தொழில் செய்பவர், சிவகாசி

பதில்: காரணத்தை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். புளூடூத் 2,402 முதல் 2,480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 சேனல்களில், நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் போகிறது. யூஎஸ்பி 3.0 கேபிளும் ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது சரியாக இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே இதை அளந்து 2012-ல் வெளியிட்டது. நீல நிறத்திலுள்ள யூஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில், இரும்புக் கேபினெட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி டாங்கிள் இருந்தால் அதற்கு எதுவும் காதில் விழாது.

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு நிறத் துளையில் செருகி, டாங்கிளை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். அதன்பிறகும் சிறு தடை இருந்தால், வீட்டு வைஃபையில் கம்ப்யூட்டரை 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றுங்கள். 2.4 வைஃபையும் அதே பாதையில்தான் நெரிசல் செய்கிறது.

மதர்போர்டிலேயே வைஃபை, புளூடூத் இரண்டும் வரும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்பக்கம் பொன்னிறத்தில் இரண்டு திருகு முனைகள் இருக்கும். பெட்டியோடு வந்த ஆன்டெனாவை அதில் திருகியாக வேண்டும். 'நமக்கு வைஃபை வேண்டாம், லேன் கேபிள் இருக்கிறது' என்று பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். அது இல்லாவிட்டால் இரண்டடி தள்ளிப் போனாலே சிக்னல் அறுந்துவிடும்.

உள்ளே புளூடூத் இருக்கும்போதே புதிதாக டாங்கிளும் போட்டிருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழையதை டிஸேபிள் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் கையாளும். இரண்டும் இருந்தால் எதில் இணைகிறது என்றே தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: சினிமா பார்க்கும்போது உதட்டசைவு முன்னே போகிறது, வசனம் பின்னே வருகிறது. யூடியூபில் மட்டும் சரியாக இருக்கிறது. கீபோர்டு வாசித்துப் பழகும் செயலியில் விரல் அழுத்தி, கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது.
– வாசகர், மதுரை

பதில்: ஒலியைச் சுருக்கி, பொட்டலமாக்கி அனுப்பி, ஹெட்போன் அதைச் சேர்த்து வைத்து விரிப்பதற்குள் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிநொடி ஆகிவிடும். 200 மில்லிநொடி என்றால் சுமார் 68 மீட்டர் தள்ளி நின்று நாகஸ்வரம் கேட்பதற்குச் சமம். யூடியூப் போன்ற செயலிகள் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையும் அதே அளவு நிறுத்திக் காட்டுகின்றன. கம்ப்யூட்டரிலுள்ள எல்லாப் பிளேயரும் அப்படிச் செய்வதில்லை.

விஎல்சியில் ஜே விசையை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லிநொடி முன்னால் வரும். கே விசை பின்னால் தள்ளும். வாய் அசைவு நெருக்கமாகத் தெரியும் காட்சியை ஓடவிட்டு, ஜேயை மூன்று நான்கு முறை தட்டிப் பாருங்கள்.

வாசித்துப் பழகுவதற்கு இந்தத் தந்திரம் உதவாது. நீங்கள் எப்போது அழுத்தப்போகிறீர்கள் என்று எந்தச் செயலிக்கும் முன்கூட்டித் தெரியாதே. கீபோர்டு, மிருதங்கப் பயிற்சி, ஒலிப்பதிவு, வேகமான விளையாட்டு இவற்றுக்கெல்லாம் ஒயர் ஹெட்போன்தான். தாமதத்தோடு பழகினால் தாளம் கையில் தவறாகப் படிந்துவிடும். அதனால் இதை அழுத்தியே சொல்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்குக் காது மந்தம். டிவி சத்தத்தை ஏற்றி வைப்பதால் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. டிவியில் புளூடூத் இல்லை. ஹெட்போன் இணைக்க வழி உண்டா? என் பழைய எம்பி3 பிளேயருக்கும் அதே கருவி ஆகுமா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. கருவியின் பெயர் புளூடூத் டிரான்ஸ்மிட்டர். கடையில் ரிசீவரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பீக்கருக்குப் போடுவது அது. இரண்டு வேலையும் செய்யும் வகை என்றால் பக்கவாட்டில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். டிஎக்ஸ் பக்கம் தள்ளி வையுங்கள்.

டிவியின் பின்னால் ஆப்டிகல் துளை இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். பெரும்பாலான டிவிகளில் 3.5 மிமீ ஹெட்போன் துளையில் எதையாவது செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அம்மாவுக்குக் கேட்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. ஆப்டிகலில் எடுத்தால் பல டிவிகளில் ஸ்பீக்கரும் ஓடும், அதை உங்களுக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆப்டிகல் போட்டும் சத்தமே வரவில்லை என்றால் பதற வேண்டாம். டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட் 'ஆட்டோ' அல்லது 'டால்பி' என்று இருக்கும். அதைப் 'பிசிஎம்' ஆக்குங்கள். டிரான்ஸ்மிட்டருக்கு டால்பி புரியாது.

இணைக்கும்போது திரை எதுவும் கிடையாது. டிரான்ஸ்மிட்டரையும் ஹெட்போனையும் ஒரு அடி தூரத்துக்குள் வைத்து இரண்டையும் பேரிங் நிலைக்கு, அதாவது புதிய இணைப்பைத் தேடும் நிலைக்கு, கொண்டுவர வேண்டும். ஹெட்போனில் பவர் பொத்தானை ஐந்தாறு நொடி விடாமல் அழுத்தினால், பெரும்பாலும் விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும். அதற்குமுன் வீட்டிலுள்ள போன்களில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போன் பழைய போனையே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

சீரியல் பார்ப்பவருக்கு உதட்டசைவு பொருந்த வேண்டும். அதற்கு 'ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி' என்ற, தாமதம் குறைந்த ஒலிச் சுருக்க முறை உள்ள டிரான்ஸ்மிட்டரையும் அதே உள்ள ஹெட்போனையும் சேர்த்து வாங்குங்கள். தாமதம் 40 மில்லிநொடி அளவுக்கு இறங்கிவிடும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் பயன் இல்லை.

எம்பி3 பிளேயருக்கு, உள்ளே பேட்டரி உள்ள டிரான்ஸ்மிட்டர் வேண்டும். பிளேயரின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு மீதியை ஹெட்போனில் கூட்டிக் குறையுங்கள். பிளேயரில் குறைத்து ஹெட்போனில் ஏற்றினால் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

கேள்வி: ஐபோன் வைத்திருக்கிறேன். எல்டாக் உள்ள ஹெட்போன் வாங்கினால் ஒலி கூடுமா?
– வாசகர், சென்னை

பதில்: ஐபோனில் கூடாது. எல்டாக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்று. ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு முறைகளில் மட்டுமே அனுப்பும். ஹெட்போன் ஏஏசிக்கு வந்துவிடும், எல்டாக்குக்குக் கொடுத்த காசு சும்மா கிடக்கும். ஆண்ட்ராய்டில் 8.0 முதல் எல்டாக் உண்டு. நொடிக்கு 330, 660, 990 கிலோபிட் என மூன்று படிகள். 990-ஐ வலுக்கட்டாயமாக வைத்தால் பேருந்து நிலையம் போன்ற நெரிசலில் விட்டு விட்டுத்தான் கேட்கும். தானாக மாறும் நிலையில் விடுவதே நல்லது. விண்டோஸ் 10-ல் எஸ்பிசியும் ஆப்டெக்ஸும் மட்டும். ஏஏசி விண்டோஸ் 11-ல்தான் வந்தது. எங்களைக் கேட்டால், இந்தப் பெயர்களைவிடக் காதில் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனைதான் ஒலியை அதிகம் மாற்றும். பொருந்தாத முனையில் பாஸ் ஒலி முழுக்க வெளியே ஓடிவிடும்.

கேள்வி: லேப்டாப்பில் படம் ஓடும்போது திடீரென்று சத்தம் நின்றுவிடுகிறது. பார்த்தால் போனில் வாட்ஸ்அப் மெசேஜ் வந்திருக்கிறது.
– ஐடி ஊழியர், கோவை

பதில்: உங்கள் ஹெட்போனில் மல்டிபாயின்ட் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருக்கும். போன் ஒரு 'டிங்' அனுப்பினாலும் சிலவகை ஹெட்போன்கள் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போன் பக்கம் திரும்பிவிடும். ஆண்ட்ராய்டில் புளூடூத் பட்டியலில் ஹெட்போனுக்கு எதிரேயுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு 'மீடியா ஆடியோ'வை அணைத்து, 'கால்ஸ்' மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் காதில் கேட்கும், மெசேஜ் சத்தம் குறுக்கே வராது. போனிலும் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் வேலை நேரத்தில் போனை சைலன்ட்டில் போடுவதைத் தவிர வேறு எளிய வழியில்லை.

கேள்வி: டைப்-சி துளை உள்ள ஹெட்போன். லேப்டாப்பின் டைப்-சி சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறவில்லை. துளை போய்விட்டதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: துளை நன்றாகத்தான் இருக்கும். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகே சார்ஜர் மின்சாரம் விடும். அதைத் தெரிவிக்க ஹெட்போனுக்குள் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். விலை குறைந்த பலவற்றில் அதை வைப்பதில்லை. பெட்டியோடு வந்த, ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பி உள்ள கேபிளை சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போடுங்கள், ஏறும்.

கேள்வி: இயர்பட்ஸில் இடது பக்கம் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: முதலில் போனில் ஆக்சஸிபிலிட்டிக்குள் ஆடியோ பேலன்ஸ் கோடு நடுவில் இருக்கிறதா பாருங்கள். நடுவில் இருந்தால் பெரும்பாலும் காதழுக்குதான். ரப்பர் முனையைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே சல்லடை மங்கலாக, மெழுகு பூசியதுபோலத் தெரியும். சல்லடை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த பல் துலக்கியால் கீழிருந்து தேயுங்கள். அழுக்கு உள்ளே போகாமல் வெளியே உதிரும். ஊசி, குண்டூசி போடாதீர்கள், சல்லடை கிழிந்துவிடும். ஸ்பிரிட்டை நேராக ஊற்றினால் கரைந்த மெழுகு உள்ளே இறங்கி ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்ளும். ரப்பர் முனையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்தபிறகு மாட்டுங்கள்.